பதில் வராத விண்ணப்பம்

பர்மாவின் பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைகளில் மூட்டை சுமந்த தமிழரின் பேரப்பிள்ளைகளிடையே இன்றும் வேரூன்றியிருக்கும் அபிப்பிராயங்களுள் முதன்மையானது, தாத்தா கொடுத்த பிரஜா உரிமை விண்ணப்பத்துக்குப் பதிலே வராதபடியால் அது கொடுக்காததற்குச் சமம் என்பதாகும். இது பிழை, பிழை மாத்திரமன்று, குடும்பத்தின் உரிமையையே குறைத்துவிடக்கூடிய பிழை.

1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் எய்தியபோது, அதற்கோ அல்லது 1942 ஜனவரி 1-க்கோ முந்திய பத்தாண்டுகளில் எட்டாண்டுகளேனும் அங்கே வசித்த இந்தியர், நிரந்தரமாகத் தங்கும் சங்கற்பத்தோடு பிரஜா உரிமை கோரலாம் என்று அரசியல் சாசனம் இடமளித்தது. அவ்வாறு கோரியவர் அநேகர். அவர்களுள் பலரின் மனுக்கள் காரியாலயங்களில் தேங்கிக் கிடக்க, 1964-இல் கடைகள் தேசியமயமாகி இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் தாயகம் திரும்ப, எஞ்சியவர் மீது 1982 அக்டோபர் 15-இல் புதிய பிரஜா உரிமைச் சட்டம் வந்து விழுந்தது. அதன் 23-ஆம் பிரிவு, பழைய சட்டப்படி மனுச் செய்து முடிவு காணாதிருந்தோரை இணைப் பிரஜைகளாக ஏற்கலாம் என்றது. 42-ஆம் பிரிவோ, மனுவே செய்யாதிருந்தோர் சுதந்திரத்துக்கு முன் குடியேறியதற்கு அசைக்கவொண்ணாத சான்று காட்டினால், பிரஜைகளாக்கப்பட்டோர் என்னும் வேறொரு வரிசையில் இடம் கோரலாம் என்றது. முழுப் பிரஜைக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைப் பிரஜைக்கு நீலம், பிரஜையாக்கப்பட்டவருக்குப் பச்சை. மடிப்புகளில் நைந்து, முத்திரை மங்கி, பெட்டியில் பழந்துணிகளுக்கு அடியில் கிடக்கும் மனு ரசீது ஒன்றே ஒரு குடும்பத்தை நீலத்தில் சேர்ப்பதா பச்சையில் சேர்ப்பதா என்பதைத் தீர்மானிக்க வல்லது. காலத்தில் மனுச் செய்தவனை, காரியாலயத்தின் தாமதத்துக்காகக் குறைந்த பிரஜையாக்கியது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த அநியாயத்துக்குள்ளும் மிஞ்சியுள்ள உரிமையை அறியாமையால் இழப்பது அதனினும் கொடிது.

பச்சை என்றாலே ஒன்றுதான் என்று எண்ணுவோரும் உளர். முற்காலத்துத் தேசியப் பதிவு அட்டை, மூன்றாக மடிக்கத்தக்கது, ஆண்களுக்குப் பச்சையாகவும் பெண்களுக்கு இளஞ்சிவப்பாகவும் இருந்தது. இன்றைய பச்சை அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1982-இல் ஏற்கெனவே பிரஜையாக இருந்தவர் பிரஜையே என்று 6-ஆம் பிரிவு கூறுவதால், பாட்டனாரின் பழைய அட்டையை, 'செல்லாத காகிதம்' என்று எவர் சொன்னாலும், கைவிடலாகாது.

இணைப் பிரஜையின் சந்ததி என்றென்றும் இணைப் பிரஜையே என்பதும் சரியன்று. 7-ஆம் பிரிவின்படி, முழுப் பிரஜை ஒருவருக்கும் இணைப் பிரஜை ஒருவருக்கும் பிறந்த குழந்தை முழுப் பிரஜை. இரு தரப்பிலும் நீல அட்டையே எனினும், மூன்றாம் தலைமுறையில் முழு உரிமை சித்திக்க வழியுண்டு. மாறாக, பர்மாவில் பிறந்தது ஒன்றே போதும் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்னும் தரகரை நம்பிப் பொய்யான வம்ச விவரம் எழுதலாம் என்பதோ பேராபத்து: பொய் கூறிப் பெற்ற பிரஜா உரிமை பறிக்கப்படுவதோடு, பத்தாண்டுச் சிறையும் ஐம்பதாயிரம் கியாட் அபராதமும் விதிக்கப்படும்.

மனு நிராகரிக்கப்பட்டால் அத்துடன் எல்லாம் முடிந்தது என்பர் சிலர். 1982 சட்டத்தின் 71-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அமைப்புகள் தம் முடிவுக்குக் காரணம் கூறவேண்டியதில்லை என்கிறது. ஆயினும் பிரஜா உரிமையைத் தீர்மானிக்கும் மத்திய அமைப்பின் தீர்ப்பை எதிர்த்து மந்திரி சபைக்கு மேல்முறையீடு செய்ய 70-ஆம் பிரிவு வழிவிட்டிருக்கிறது. காரணம் தெரியாமல் வாதாட வேண்டிய அந்த முறையீட்டில், பழைய மனு ரசீதையும், பாட்டனார், தந்தையாரின் பதிவு அட்டைகளையும், வீட்டுக் குடும்பப் பட்டியலையும் பிரதியெடுத்து ஒருங்கே இணைப்பது நலம்; மூலப்பிரதிகளை எக்காரணத்தாலும் கைவிடலாகாது.