சொட்டாத கசிவு

கேள்வி: என்னுடையது பழைய லாரி, காமன் ரயில் வருவதற்கு முந்தைய மாடல். ராத்திரி நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. கைப்பம்பு அடித்து ஏர் எடுத்தால் ஓடுகிறது. மேடு ஏறும்போது இழுவை குறைகிறது. எங்கேயும் டீசல் சொட்டவில்லை. டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்க வேண்டாம். சொட்டவில்லை என்கிறீர்களே, அதுதான் துப்பு. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றபின் அதே ஓட்டை காற்றை உள்ளே விட, லைனில் நின்ற டீசல் தாழ இருக்கும் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபீட் பம்புக்கு அப்பால் கசிந்தால் ஈரத்தில் புழுதி ஒட்டி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஃபில்டருக்கும் டீசல் பம்புக்கும் நடுவில், உள்ளே தெரிகிற, டீசல் தாங்கும் ட்யூபை மாட்டி ஏர் எடுத்து ஓட்டுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது சகஜம். ஐந்து நிமிடம் கழித்தும் சரம்சரமாக வந்தால் ஏர் இழுக்கிறது.

அடுத்து, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்புக்கு ஒரு கேனிலிருந்து சுத்தமான டீசல் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்க் பக்கம்: இறுகி வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். டேங்க் பாதிக்குக் கீழே போனால் மட்டும் தொல்லை என்றால் அந்தக் குழாயில் விரிசல் இருக்கலாம். கேனிலும் குமிழி வந்தால் கைப்பம்பின் சீல், ஃபில்டர் ரப்பர் வளையம், பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். நசுங்கிய வாஷரையே திரும்பப் போடாதீர்கள். டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அதன் துணுக்கு நாசில்வரை போய் அடைக்கும்.

டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அது வேறு கதை: மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டர் பைப்பில் கசிவை விரலால் தடவித் தேடக்கூடாது. பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். காமன் ரயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அதில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தவே கூடாது.

ட்யூபில் ஒரு குமிழியும் இல்லாமல், டீசலும் தாராளமாக வந்து, காலைத் தொல்லை நீடித்தால் மெக்கானிக் சொல்வது சரிதான். அப்போது பம்பைக் கழற்றுங்கள்.