நிரலை மாற்றாமல் வேகத்தை மாற்றுவோம்

ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 50,000 வரை உள்ள பகா எண்களை எண்ணும் பைத்தான் நிரலை எழுதினார்கள். விடை வரத் தாமதமானது. “நம்ம கம்ப்யூட்டர் பழசு சார்” என்றாள் ஒரு மாணவி.

“அளந்து பார்ப்போம்” என்றேன். லினக்ஸ் முனையத்தில் ‘டைம் பைத்தான்3 பகா.பை’ என்று இயக்கி நேரத்தைக் குறித்தோம். பிறகு ‘பைத்தான்3’ என்ற இடத்தில் மட்டும் ‘பைபை3’ என மாற்றினோம். பைபை என்பதும் பைத்தான் நிரலை இயக்கும் கட்டற்ற மென்பொருளே. அதே கணினி, அதே நிரல். விடை பல மடங்கு விரைவாக வந்தது.

காரணம் என்ன? வழக்கமான இன்டர்பிரட்டர், பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவரைப் போன்றது. பைபையில் உள்ள ‘ஜிட்’ கம்பைலர், திரும்பத் திரும்ப வரும் பகுதியைக் கண்டறிந்து ஒரே முறை எழுதிக் கொடுத்துவிடுபவர். ஒரு மடக்கு 1,039 முறை ஓடியதும் அதை இயந்திர மொழிக்கு மாற்றத் தொடங்குவது அதன் இயல்பான அமைப்பு. சேமிக்கப்படுவது விடையன்று, மொழிபெயர்ப்பு என்பதை மாணவர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும்.

‘பைபை3 --ஜிட் ஆஃப் பகா.பை’ என இயக்கினால் அந்த வேகம் மறைவதைக் காணலாம். ஒரு வரியை அச்சிடும் சிறு நிரலில் பயனே இராது.

மறுநாள் அதே மாணவி, வர்க்கமூலம் வரை மட்டும் வகுத்துப் பார்க்குமாறு நிரலைத் திருத்தி வந்தாள். வழக்கமான பைத்தானிலேயே அது முந்தைய பைபை நேரத்தை முந்தியது. கணினியைப் பழசு என்று அவள் பிறகு சொல்லவில்லை.