உதடு மூடிய பின்னும் தொடர வேண்டிய சிகிச்சை

ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. அறுவை சிகிச்சையால் இதைச் சீர்செய்ய முடியும். அரசுத் திட்டங்கள் வழியாகவும் தொண்டு அமைப்புகளின் உதவியாலும் அதைக் கட்டணமின்றிப் பெறவும் முடியும். ஆயினும் சிற்றூர்களைச் சேர்ந்த குழந்தைகள் பலர் காலந்தாழ்ந்தே எங்களிடம் வருகின்றனர். சிலரது சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. இதற்கான தடைகளையும் அவற்றைக் கடக்கும் வழிகளையும் இங்கு விளக்குகிறோம்.

முதல் தடை: பழிச்சொல்

கிரகணத்தின்போது தாய் வெளியே சென்றதால் பிளவு உண்டானது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. கருவின் முகத்தில் இரு பக்கங்களிலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் இணையாமற்போவதே பிளவு. உதடு இரண்டாம் மாதத்திற்குள்ளும் அண்ணம் மூன்றாம் மாதத்திற்குள்ளும் உருவாகிவிடுகின்றன. மரபுக் கூறுகளும் சூழலும் சேர்ந்தே இக்குறைக்குக் காரணமாகின்றன. கிரகணத்திற்கு இதில் பங்கில்லை. தாயைக் குறைகூறும் வீட்டில் குழந்தையை வெளியே காட்டத் தயங்குகின்றனர். அவ்வாறு கழியும் மாதங்கள் சிகிச்சைக்குரிய மாதங்கள்.

இரண்டாம் தடை: எடைக் குறைவு

உதட்டிற்கான அறுவை சிகிச்சையைப் பொதுவாக 3 முதல் 6 மாத வயதில் செய்கிறோம். அதற்குக் குழந்தையின் எடை ஏறத்தாழ 4.5 கிலோவும், ஹீமோகுளோபின் அளவு 10 கிராமும் இருத்தல் வேண்டும். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, எடை போதாமையால் திரும்பிச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

அண்ணத்தில் பிளவுள்ள குழந்தையால் பாலை நன்கு உறிஞ்ச இயலாது. எனவே தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைத் தலை உயர்ந்திருக்குமாறு பிடித்து, தூய்மையான பாலாடையாலோ சிறு கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். மூக்கின் வழியே சிறிது பால் வந்தால் அஞ்ச வேண்டாம். சற்று நிறுத்தித் தொடருங்கள். அங்கன்வாடியில் எடையைத் தவறாமல் பாருங்கள். எடை கூடாவிடில் அறுவை சிகிச்சை நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

மூன்றாம் தடை: தொலைவும் கூலி இழப்பும்

அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிடினும், பேருந்துச் செலவும் அன்றைய கூலியும் குடும்பத்தின் மீதே விழுகின்றன. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியத் திட்டம், 18 வயது வரையுள்ளோரின் உதடு, அண்ணப் பிளவுகளுக்கும் உரியது. உங்கள் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் உடன் கொண்டு வாருங்கள். பல், காது, பேச்சுப் பரிசோதனைகளை ஒரே நாளில் வைத்துக்கொள்ள இயலுமா என்று முன்கூட்டியே கேட்கவும் தயங்க வேண்டாம்.

நான்காம் தடை: 'சரியாகிவிட்டது' என்ற எண்ணம்

பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. உதடு மூடியதும் முகம் சீராகத் தெரிகிறது. உறவினர் கேள்வி கேட்பதில்லை. குடும்பமும் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் வாயினுள் அண்ணம் திறந்தேயிருக்கலாம்.

அண்ணத்தைப் பொதுவாக 9 முதல் 18 மாத வயதிற்குள், பேச்சு வளரும் காலத்தை ஒட்டி, மூடுகிறோம். அது திறந்திருந்தால் காற்று மூக்கின் வழியே கசிந்து, 'ப', 'ட', 'க' போன்ற எழுத்துகள் தெளிவாக ஒலியா. 'அப்பா' என்று அழைக்க முயலும் குழந்தையின் குரல் 'அம்மா' என்பது போல ஒலிக்கலாம். நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறனும் குறையலாம். பேச்சு தெளியாத பிள்ளை வகுப்பில் வாய் திறக்க அஞ்சும், அறிவிருந்தும் பின்தங்கும்.

அண்ணத்தை மூடிய பின்னரும் பேச்சுப் பயிற்சி தேவைப்படலாம். ஈற்றுப்பகுதியிலும் பிளவிருந்தால், ஏறத்தாழ 8 முதல் 11 வயதிற்குள் அங்கு எலும்பு ஒட்டுச் சிகிச்சை செய்யப்படும்.

உதட்டுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே அடுத்த வருகையின் தேதியை எழுதி வாங்குங்கள். கைபேசி எண் மாறினால் தெரிவியுங்கள். பழைய எண்ணில் அழைத்துக் குடும்பத்தைக் கண்டறிய இயலாமற்போவது உண்டு. உரிய வயது கடந்துவிட்டதென்று எண்ணி விலகியிருக்கவும் வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும்கூட நாங்கள் செய்யக்கூடியது உண்டு.