பங்குனி ஆமை கரையேறும் காலம்: குமணன்சாவடிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

மாசி முடியப் போகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் வேலி போட்டுப் பாதுகாக்கும் பொரிப்பகத்தில், தை மாதத்து ஆமை முட்டைகள் குஞ்சாகி வெளியே வரும் நேரம். சித்திரை வரை இது நடக்கும். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைப்பவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போகாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. கடல் நமக்கு ரொம்ப தூரம் என்ற எண்ணம் வேண்டாம். நம் ஊர் வழியாக வரும் மெட்ரோ நான்காம் தடம் மொத்தமே 26 கிலோமீட்டர்தான். அதன் மறுமுனை மெரினா கலங்கரை விளக்கம்.

சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி, மீனவர்கள் சொல்லும் பங்குனி ஆமை. இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு மூடும். பிறகு உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைக்கு அதற்குப் பிறகு காவல் கிடையாது. நாய் தோண்டும், முன்பெல்லாம் மனிதரும் தோண்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இங்கே இரவு நடை நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988-லிருந்து அந்த வேலையைக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு செய்துவருகிறது. தெற்கே 2002 முதல் ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே காவலர்களாக வைத்து இயங்குகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

குஞ்சு விடுவதைப் பார்க்க வேண்டுமானால் வேலை நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு எதிரில் நிற்பவர் முதுகுதான் தெரியும்; கூட்டத்தைச் சமாளிப்பதிலேயே தன்னார்வலர்களின் பொழுதும் போய்விடும். வழக்கமாக மாலை, பொழுது சாயும் நேரத்தில் விடுவார்கள். எல்லா நாளும் குஞ்சு வராது, அதனால் மாணவர் அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டே புறப்படுங்கள். அங்கே கயிற்றைத் தாண்டாதீர்கள். ஃப்ளாஷ் கூடாது, செல்போன் டார்ச்சும் கூடாது. குஞ்சு ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். ஒரு காலடி தப்பினால் போயிற்று. கையில் எடுத்துப் படம் பிடிப்பதும், தூக்கிக் கடலில் போடுவதும் உதவி இல்லை. மணலில் தானே நடந்து அலையைத் தொட விட வேண்டும்.

இரவு நடைக்கும் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கி, ஏழு கிலோமீட்டர் போல நடந்து, விடியும் முன் பெசன்ட் நகரில் முடியும். நம் பக்கத்திலிருந்து போகிறவர் விடியற்காலை வரை பஸ் கிடைப்பது கஷ்டம் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். ஆமையைப் பார்த்தே தீருவேன் என்று போகாதீர்கள். பெரும்பாலும் கிடைப்பது தடம்தான்: அலையிலிருந்து மேலேறி, திரும்பவும் அலைக்கே இறங்கும், டிராக்டர் சக்கரம் போன பாதை போன்ற கோடு. தனியாக நடக்கும்போது அதைக் கண்டால் அழிக்காதீர்கள், தோண்டாதீர்கள். அமைப்புக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். முட்டையை இடம் மாற்றும் வேலை பழகியவர் கைக்கு மட்டும் உரியது. மணலின் சூட்டை வைத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது. சூடு கூடினால் பெண்கள் அதிகம். வெயில் ஏறியதும் பொரிப்பகத்துக்கு நிழல் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது விளக்கு. பிறந்த குஞ்சு வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். ஆதியில் அந்த வெளிச்சம் கடல் மேல் வானத்திலிருந்து வந்தது. இப்போது ஈசிஆர் ஓட்டல் விளக்கிலிருந்து வருகிறது. பிறந்தநாள், ஆபீஸ் பார்ட்டி என்று கடலோர வீட்டை வாடகைக்கு எடுக்கிறீர்களா? தை முதல் சித்திரை வரை நான்கு மாதமும் கடல் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்டால் மேனேஜர் மறுக்க மாட்டார். என் கணிப்பில், பத்துக் குடும்பங்கள் குஞ்சு பார்க்கப் போவதைவிட ஒரு குடும்பம் விளக்கை அணைக்க வைப்பது பெரிய உதவி. பஜ்ஜி, பிரியாணி மிச்சத்தை மணலில் விட்டுவராதீர்கள். அதைத் தேடி வரும் நாய்க்கு முட்டைக்குழியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

வழிதவறி ரோட்டுப் பக்கம் வந்த குஞ்சைக் கண்டால் பக்கெட் தண்ணீரில் போடாதீர்கள். ஈர மணல் பரப்பிய பெட்டியில் வைத்து, மூடியில் காற்றுக்கு வழி விட்டு, உடனே தகவல் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. அதன் முட்டைக்கும் அதே பாதுகாப்பு.

வீட்டுத் தொட்டியில் ஆமை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காதோரம் சிவப்புப் பட்டை உள்ள அந்தக் கடை ஆமை நன்னீர் ஆமை. ஊருக்குப் போகிறோம், கடலில் விட்டுவிடலாம் என்று நல்ல மனதோடு செய்தாலும் உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது. ஏரியிலும் விடக் கூடாது. நம் ஊர் ஆமையின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். செம்பரம்பாக்கம் பக்கம் ரோட்டைக் கடக்கும் நம் ஊர்ப் பால் ஆமையைப் பார்த்தால், அது போகிற பக்கமாகவே ஓரம் விட்டுவிடுங்கள்.

கேரிபேக் விஷயம் பழைய பாட்டுதான், ஆனாலும் திருவேற்காடு வழியாகப் போகும் கூவம் நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. ஆற்றோரம் கொட்டிய குப்பை அடுத்த மழையில் ஆமை இருக்கும் அந்தக் கடலுக்கே போய்ச் சேரும்.

கடைசியாக, வலை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி. இழுவலையில் சிக்கினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் சொல்கிறது. வலையில் ஆமை தப்பிச் செல்ல வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் நடைமுறைப்படுத்தச் சொல்லி மீன்வளத்துறைக்கு மனு எழுத நம் குடியிருப்போர் சங்கங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எழுதும் அதே லெட்டர்பேடு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் விலை ஏறும். சின்னப் படகுக்காரர் கொண்டுவரும் மீனை வாங்கிச் சமாளியுங்கள்.