முதலில் மூச்சை எண்ணு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் முழுக்க ஊசிப் புராணம்தான். நரம்பு கிடைக்கவில்லை, கை நடுங்குகிறது, கூடப் படிக்கிறவள் அதற்குள் நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடக் கற்றுக்கொண்டுவிட்டாள், எனக்கு இன்னும் வரவில்லை. வரும். மெடிசின் வார்டில் போஸ்டிங் என்றால் போடப் போடக் கை தானாகப் பழகிவிடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தொற்றிக்கொண்டு ரிட்டயர் ஆகும்வரை கூட வருகிற பழக்கம் ஒன்று உண்டு. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

உன் வார்டு டி.பி.ஆர். சார்ட்டை எடுத்துப் பார். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும், நாடியும் அப்படியே. மூச்சுக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20. நிமோனியாக்காரருக்கும் 20, நாளை டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. ஒரே சிஸ்டர் முப்பது நாற்பது பேரைப் பார்க்கிற இடத்தில் எண்ணாமலே 20 என்று எழுதுவது ஏன் நடக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ நர்சிங் மாணவி. உன்னிடம் இப்போது நேரம் இருக்கிறது. இப்போது எண்ணிப் பழகாவிட்டால் பிறகு ஒருநாளும் எண்ணப் போவதில்லை.

மூச்சுக்கு ஏன் இத்தனை வக்காலத்து என்று கேட்பாய். கிருமி ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை எகிறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்தாலும், நுரையீரலில் சளி கட்டினாலும் உடம்பு முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று வேகமாக மூச்சு வாங்குவது. பி.பி. இறங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். அதிலும் சின்ன வயதுக்காரர்களுக்கு பி.பி. வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாக விழும். ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டியவருக்கு விரல் கிளிப் 97 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு 30-ல் ஓடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே உச்ச மதிப்பெண்ணான 3. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் உடனே வந்து பார்க்கச் சொல்கிறார்கள். 8-க்கோ அதற்கும் கீழோ இறங்கினாலும் அதே 3.

எண்ணப் போகிறேன் என்று சொல்லாதே. சொன்னால் அவருக்கே தெரியாமல் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்த்த மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி, பார்வையை மட்டும் மார்புக்கும் வயிற்றுக்கும் நகர்த்து. போர்வை தடிமனாக இருந்தால் கொஞ்சம் விலக்கு. ஏறி இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்குவழி வேண்டாம். ஒன்று தவறினால் கணக்கில் நாலு தவறும். முழு நிமிடம் நில். அந்த நிமிடத்தில் வேறு என்னென்னவோ கண்ணில் படும். கழுத்துத் தசை இழுக்கிறதா, யூரின் பேக் காலையில் பார்த்த அளவிலேயே நிற்கிறதா, வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, காலையில் வைத்த இட்லி தொடாமல் கிடக்கிறதா. ரவுண்ட்ஸில் பத்துப் பேர் வந்து போவார்கள். ஒருவரும் ஒரு கட்டிலருகே ஒரு நிமிடம் பேசாமல் நிற்பதில்லை.

மருந்து கொடுக்கும்போதும் இதே போலக் குறுக்குவழி கூடாது. "லட்சுமியம்மா நீங்கதானே?" என்று கேட்டால் காது மந்தமான பாட்டி யாராயிருந்தாலும் தலையாட்டிவிடும். "உங்க பேர் என்ன பாட்டி? எந்த ஊர்?" என்று அவர் வாயாலேயே வரவழைத்து, ஐ.பி. நம்பரையும் ஒப்பிட்டுப் பார். (வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிடாதே; சில பாட்டிகள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.) இன்சுலின் என்றால் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்தே படி. நம் வார்டுகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் பாட்டில். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடுவரை இழுத்தாயோ, போனது 50.

கை கழுவுவது, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் டியூட்டர் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கும். புரட்டும்போது வாலெலும்பையும் குதிகாலையும் பார் என்பது மட்டும் என் பங்கு. சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. பாடப்புத்தகப் படத்தில் இருப்பது வெள்ளைத் தோல். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்; சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதே, தேய்த்தும் விடாதே.

சரி, மூச்சு 28 என்று எண்ணிவிட்டாய். "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் ட்யூட்டி டாக்டர் "வரேன்" என்பார். அவருக்கும் நாலு வார்டு. இப்படிச் சொல்: "14-ஆம் பெட், நிமோனியா. காலை ஆறு மணிக்கு மூச்சு 20, இப்போ 28. நாடி 116, பி.பி. 110/70. பேசும்போது நடுவில் மூச்சு வாங்குது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." மாணவி நேரே கூப்பிடக் கூடாதென்றால் ஸ்டாஃப் சிஸ்டரிடம் இதே வரிசையில் சொல். காலையில் போட்ட அந்த 20 எண்ணிப் போட்டதாக இருந்தால்தான் இந்த 28-க்கு மதிப்பு. சொன்ன நேரத்தை நர்ஸஸ் நோட்ஸில் எழுது. பத்து நிமிடத்தில் ஆள் வராவிட்டால் மறுபடி எண்ணு, மறுபடி கூப்பிடு. திட்டு விழும், விழட்டும்.

அன்புடன்,
அக்கா