பெரிய பட்டி கூடக் காட்டாது

எங்கட தீவுப்பகுதி இறுப்பிட்டியில் எத்தனை வாயால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன்! "சின்னப் பிள்ளையளுக்கு எங்க பிரஷர் வாறது? பெரியாக்களின்ர மெஷினால பாத்தா கூடத்தான் காட்டும்." கடைசியாகச் சொன்னவர், நீரிழிவுக்கு இன்சுலின் போடும் 12 வயதுப் பேத்தியைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவந்த அம்மம்மா. மூன்று முறை கூடுதலாக வந்த அளவை, யாரோ சொன்ன இந்த ஒரு வரியை நம்பி ஒதுக்கிவிட்டார்.

அம்மா, அது தலைகீழான கதை. பிரஷர் பட்டிக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம், மேற்கைச் சுற்றளவில் 40 வீதமாவது இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 வீதம். பெரியவர்களின் பட்டியைச் சின்னக் கையில் சுற்றினால் அளவு குறைந்துதான் தெரியும். கூடக் காட்டுவது, பெருத்த கையில் இறுக்கிய சின்னப் பட்டி. பெரிய பட்டியிலேயே கூடிய அளவு வந்தால், உங்கள் பேத்தியின் உண்மையான பிரஷர் அதைவிடவும் கூட இருக்கலாம்!

பிள்ளைகளுக்கு வராதாம். 10 முதல் 17 வயதுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களை அமெரிக்காவின் 'டுடே' ஆய்வு தொடர்ந்து கவனித்தது. 2021இல் வந்த முடிவின்படி, 15 வருடத்துக்குள் 67.5 வீதமானோருக்கு உயர் குருதியமுக்கம். முதலாம் வகை நீரிழிவில் இவ்வளவு இல்லை. ஆனாலும் சீனியும் பிரஷரும் சேர்ந்து அரிப்பது அதே சிறுநீரக வடிகளைத்தான்.

"தலையிடி இல்லையே" என்கிறார்கள். பெரும்பாலும் இராது, அதனால்தான் அளக்கச் சொல்கிறோம். "சீனி கட்டுப்பாட்டில இருக்கு" என்பதும் போதாது, பிரஷரையும் தனியாகப் பார்க்க வேண்டும். 2002இல் ஸ்பெயின் ஆய்வொன்று, முதலாம் வகை நீரிழிவுள்ள இளம் பருவத்தினரில் சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்குமுன்னரே இராப் பிரஷர் ஏறியதைக் கண்டது. "பாத்தால் குளிசை தொடங்கிவிடுவினம்" என்ற பயமும் வேண்டாம். ஒரு நாள் அளவை வைத்து எவரும் முடிவு கட்டுவதில்லை. வெவ்வேறு மூன்று நாள் பார்ப்பார்கள். அளவு சற்றே கூடியிருந்தால் முதலில் உப்பு, உடற்பருமன், ஓடியாடி விளையாட்டு. கருவாட்டையும் மிக்சரையும் குறையுங்கள். உயர் அமுக்கம் என்று உறுதியானால்தான் இவற்றோடு குளிசையும், அதுவும் சிறுநீரகத்தைக் காக்கும் வகை.

நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு கிளினிக் வருகையிலும் பிரஷர் பார்க்கக் கேளுங்கள். தீவிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து பஸ்ஸால் இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் நிலத்தில் ஊன்றி, பேசாமல் இருக்கட்டும். வலக் கை, நெஞ்சு மட்டத்தில். 13 வயதிலிருந்து மேல் எண் 120 வந்தாலே கவனம், மேல் எண் 130 அல்லது கீழ் எண் 80 வந்தால் உயர் அமுக்கம். அதற்குக் கீழ் வயது, பால், உயரம் பார்த்து அட்டவணைப்படிதான் சொல்லலாம். அப்பாவின் அளவோடு ஒப்பிடாதீர்கள்.

கனடாவிலும் சுவிஸிலும் இருந்து கும்பாபிஷேகத்துக்குக் காசு அனுப்பும் எங்கட சனத்திடம், கைக்குப் பொருந்தும் பட்டிகளுக்காக வெட்கப்படாமல் கேட்கிறேன். தீவுப்பகுதி வைத்தியசாலைப் பொறுப்பு வைத்தியர்களிடம் எந்த அளவுப் பட்டி இல்லை என்று கேளுங்கள். சிறுவர் கைக்குரியது, வளரும் பிள்ளைக்குரியது, பெருத்த கைக்குரியது என்று இல்லாததை வாங்கி அனுப்புங்கள். மேற்கையின் சுற்றளவு பார்க்கத் தையல்காரரின் டேப் ஒன்றையும் பெட்டிக்குள் வையுங்கள்.