கோபம் நியாயம்தான், வார்த்தை?

நாக்கு என்ன செய்யும் என்று ரிஷிவந்தியம் தொகுதிக்காரர்களுக்கு வெளியூரார் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2011இல் இங்கே வென்று எதிர்க்கட்சித் தலைவரான விஜயகாந்த், 2012 பிப்ரவரி 1 அன்று சட்டமன்றத்தில் பால் விலை, பஸ் கட்டண உயர்வைப் பற்றிக் கேட்டார். ஏழை பாழை எல்லாருக்கும் உறைத்த விஷயம். எதிர்வரிசையிலிருந்து கூச்சல் எழ, அவர் விரலை நீட்டி நாக்கைத் துருத்தினார். பத்து நாள் சஸ்பெண்ட். அன்று அவர் கேட்ட கேள்வி இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? துருத்திய நாக்கு மட்டும் மறக்கவில்லை.

ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் நம் திருச்சபைக்காரர்கள் தோற்பதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். கேட்டது சரியாக இருக்கும். கேட்ட விதத்தில் வழக்கு கைமாறிவிடும். சம்பளப் பாக்கியைக் கேட்கப் போனவர், மரியாதை இல்லாமல் பேசியதற்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

இந்த இடத்தில் பவுலைப் பார்த்துக் கற்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரம். விசாரணை நடக்கும்போதே அவர் வாயில் அடிக்கச் சொல்கிறார் பிரதான ஆசாரியர். பவுலுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து, அவரை வெள்ளையடித்த சுவர் என்று திட்டிவிடுகிறார். யாரைத் திட்டினோம் என்று தெரிந்ததும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறார். ஆனால் வழக்கைத் திரும்பப் பெறவில்லை; அதே மூச்சில் தன் வாதத்தைத் தொடர்கிறார். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். மன்னிப்புக் கேட்ட கையோடு கோரிக்கையையும் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கோரிக்கை போய்விடுமே என்று கடைசிவரை மன்னிப்பே கேட்க மாட்டார்கள். “பேசினது தப்பு சார், மன்னிச்சிடுங்க. மூணு மாசச் சம்பளம் வரலைங்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு.” இவ்வளவு போதும்.

கரும்பு சீசனில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் எடை மேடையை நினைத்துப் பாருங்கள். டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. வெட்டிய கரும்பு நிற்க நிற்கக் காய்கிறது, எடை இறங்குகிறது; இறங்குகிற ஒவ்வொரு கிலோவும் விவசாயியின் பணம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் ஜன்னலைத் தட்டி, “என்னய்யா, கரும்பு காயறது கண்ணுக்குத் தெரியலியா?” என்று கத்துகிறார். உள்ளே இருப்பவர் “லைன்ல வாங்க” என்றால் சண்டைதான். “உங்களுக்கு முன்னாடி பதினாலு வண்டி நிக்குதுண்ணா, ரெண்டு மணி நேரம் ஆவும். டீ குடிச்சிட்டு வந்துடுங்க” என்றால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். சாந்தமான பதில் கோபத்தைத் தணிக்கும் என்று நீதிமொழிகள் 15 சொல்வதைக் குரலைத் தாழ்த்துவதாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எதிராளிக்குத் தேவையான தகவலும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். வெறும் சாந்தம் சில நேரம் எரிச்சலைத்தான் கூட்டும்.

உடன் வேலை செய்பவரோடு தகராறு வந்தால் மத்தேயு 18ஐத் திறந்துகொள்ளுங்கள். முதலில் ஆளைத் தனியாகப் பார்த்துச் சொல். கேட்கவில்லையா, ஒருவர் இருவரை வைத்துக்கொண்டு சொல். அதற்கும் மசியவில்லையென்றால் சபைக்குக் கொண்டு போ. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் குறைதீர்ப்பு நடைமுறை என்று பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தருவதன் சாரம் கிட்டத்தட்ட இதுதான். நாமோ மூன்றாம் படியில் தொடங்குகிறோம். அதுவும் ஜெபக் கூட்டத்தில். “ஜெபிக்கத்தான் சொல்றேன் சிஸ்டர், வெளியே சொல்லிடாதீங்க” என்று தொடங்கும் வாக்கியத்தைப் போல் வேகமாகப் பரவும் புறங்கூறல் வேறெதுவும் இல்லை. ஆள் பெயர் சொல்லாமல் ஜெபிக்க முடியாதா என்ன? கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதை. யாக்கோபு நாக்கை நெருப்பு என்று எழுதியது உருவகமாக. இங்கே அது நிஜமாகவே எரிந்தது. 2022 ஜூலை 17 அன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, சின்னசேலம் அருகே கனியாமூரில், ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து நடந்த போராட்டம் கலவரமானபோது பள்ளி சூறையாடப்பட்டது, பஸ்கள் எரிந்தன. வாட்ஸ்அப் குழு வைத்து ஆள் திரட்டியதாகப் பலர் கைதானார்கள். நீதி கேட்டுப் போனவர்களில் எத்தனையோ இளைஞர்கள் வழக்கோடு திரும்பினார்கள். அரசு வேலைக்குப் படிக்கும் பையனுக்கு ஒரு கிரிமினல் வழக்கு என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஆபீஸ் குழுவிலோ சபைக் குழுவிலோ வரும் எதையும் உறுதி செய்யாமல் பார்வர்டு செய்யாதீர்கள்.

இன்னொன்று. “நாவில் அதிகாரம் இருக்கிறது, வேலை கிடைத்தாயிற்று என்று வாயால் அறிக்கை செய்” என்ற போதனை இப்போது கிராமத்துக் கூட்டங்கள் வரை வந்துவிட்டது. கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் கென்னத் ஹேகின் போன்றவர்கள் பரப்பிய சரக்கு இது. ஜீவனும் மரணமும் நாவின் அதிகாரத்தில் என்று நீதிமொழிகள் சொல்வது, உங்கள் பேச்சு அடுத்தவரை வாழவைக்கும் அல்லது வீழ்த்தும் என்ற பொருளில்தான் என்பது என் கருத்து. டிஎன்பிஎஸ்சிக்கு அறிக்கை செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. விண்ணப்பத்தை மட்டும் கடைசித் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.

சட்டத்துக்கும் நாக்கு தெரியும். ஊர்ச் சண்டை எப்.ஐ.ஆரில் தவறாமல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296ஆம் பிரிவு: பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்வராயன்மலையில் வேலைக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடியினர். பலர் முன்னால் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்திப் பேசும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் மீது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று ஸ்டாப் ரூமில் சொல்வதுபோல் கோர்ட்டில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக, நம் பிரசங்கங்களில் அதிகம் வராத ஒன்று. நாவடக்கம் என்பதை எப்போதும் கீழே இருப்பவருக்கும் பெண்களுக்கும்தான் போதிக்கிறோம். முதலாளியின் நாக்குக்கு யார் பிரசங்கம் செய்வது? இயேசு அடிவாங்கியபோது வாய்மூடி நிற்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று சேவகனைக் கேட்டதை யோவான் 18 பதிவு செய்திருக்கிறது. ஜவுளிக் கடையிலோ மெடிக்கல் ஷாப்பிலோ நிற்கும் பெண்ணிடம் முதலாளி ஆபாசமாகப் பேசினால் அதைப் பொறுத்துக்கொள்வது சாந்தகுணம் ஆகாது; மத்தேயு 18ஐக் காட்டி அந்தப் பெண்ணை முதலாளியிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது அநியாயம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றே எழுதி வையுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையானாலும், குற்றம் சாட்டப்பட்டவர் முதலாளியே ஆனாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித்துத் தரலாம்.